மத்யனில் கிடைத்த முதல் வேலை



தேர்வு முடிவுகள் வெளிவந்து, பிள்ளைகள் படிப்பை முடித்து வீட்டில் வந்து உட்காரும் காலத்தில் நம் ஊர்களில் ஒரே பேச்சுத்தான். ஆம்பூரானாலும் வாணியம்பாடியானாலும், பேரணாம்பட்டானாலும் மேல்விஷாரமானாலும், மஃரிபுக்குப் பின் ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்ளும் கேள்வி இதுதான்: "பையனுக்கு எங்கே வேலை? என்ன சம்பளம்?"

அப்படி ஒரு நாள் தொழுகை முடிந்து அமர்ந்திருக்கையில் ஓர் இளைஞர் அருகில் வந்து உட்கார்ந்தார். டிப்ளமா படித்தவர். ஒரு ஷூ கம்பெனியில் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டார். முகத்தில் கலக்கம் தெரிந்தது.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். வேலையில் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். 'முதலில் வேலையைப் பாரு, பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்றார்கள். இரண்டாம் மாதமும் கேட்டேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் என் தாயைச் சொல்லி ஏசினார். வந்துவிட்டேன். அத்தா என்னோடு பேசுவதில்லை. 'ரிஸ்க் அல்லாஹ் கையில் இருக்கிறது. நீ என்னடா கணக்குக் கேட்கிறாய்? நாங்கள் எல்லாம் கேள்வி கேட்டா தோல்ஷாப்புக்குப் போனோம்?' என்கிறார். நான் கேட்டது தவக்குலுக்கு மாற்றமா?"

இது அந்த ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. இன்றைய பிள்ளைகள் ஒரு வேலையில் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் பார்க்கிறார்கள். மரியாதை இருக்கிறதா, நேரத்துக்கு வீடு திரும்ப முடியுமா, ஏதாவது கற்றுக் கொள்ள வழியுண்டா என்று கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு இது நன்றி கெட்டதனமாகத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கோ பெரியவர்கள் தங்களைப் புரிந்து கொள்ளவில்லை என்று மனக்குறை. இரு சாராரும் அமைதியாக அமர்ந்து படிக்க வேண்டிய ஒரு வரலாறு திருமறையில் இருக்கிறது. இந்த மாதம் அதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

பாடம்

அல்கஸஸ் என்னும் 28ஆவது அத்தியாயத்தில், 22 முதல் 28 வரையுள்ள வசனங்களை ஓதிப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் உயிருக்கு அஞ்சி எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு அங்கே ஊருமில்லை, உறவுமில்லை, கையில் பொருளுமில்லை. தண்ணீர்த் துறையில் ஆட்டு இடையர்களின் கூட்டம். சற்றுத் தள்ளி இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்துக் கொண்டு நிற்கிறார்கள். விசாரித்தபோது, இடையர்கள் போகும்வரை தங்களால் தண்ணீர் காட்ட முடியாது என்றும், தகப்பனார் வயது முதிர்ந்தவர் என்றும் சொல்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் அந்த ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி விட்டு, கூலி எதுவும் கேளாமல் நிழலில் போய் ஒதுங்குகிறார்கள். அங்கே அவர்கள் செய்த துஆவின் கருத்து, 'இறைவா, நீ எனக்கு எந்த நன்மையை இறக்கினாலும் அது எனக்குத் தேவையாகவே இருக்கிறது' என்பதாகும்.

துஆவுக்குப் பதில் தாமதமின்றி வருகிறது. அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தண்ணீர் காட்டியதற்குரிய கூலியைத் தருவதற்காகத் தம் தகப்பனார் அழைப்பதாகச் சொல்கிறார். வீட்டுக்குப் போனதும் பெரியவர் முதலில் அவர்களின் கதையைக் கேட்கிறார், அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் சொல்கிறார். அதன் பிறகு மகள் யோசனை சொல்கிறார்: இவரை வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள், வேலைக்கு வைத்துக் கொள்பவர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உடையவரே.

அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) அவர்களே என்று விரிவுரையாளர் பலர் கூறுவர். திருமறையில் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அவர் செய்த ஒப்பந்தம் மட்டும் நுணுக்கமாகச் சொல்லப்படுகிறது. எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். அதற்கு ஈடாகத் தம் மகள் ஒருவரை மணமுடித்துத் தருவார். அத்துடன், உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்றும், இன்ஷா அல்லாஹ் என்னை நல்லவராகவே காண்பீர் என்றும் உறுதி கூறுகிறார்.

மூஸா (அலை) அவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது வரம்பு மீறல் கூடாது என்று தெளிவுபடுத்திக் கொண்டு, நாம் பேசிக் கொண்டதற்கு அல்லாஹ்வே சாட்சி என்று முடிக்கிறார்கள்.

அந்த இளைஞரின் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. முதலில் நிழலில் அமர்ந்து துஆ. பிறகு தெளிவான பேச்சு. முடிவில் அல்லாஹ்வைச் சாட்சியாக்குதல். இந்த மூன்றும் ஒரே நபியிடத்தில் ஒரே நாளில் சேர்ந்திருந்தன. நிபந்தனைகளைத் தெளிவாக்கிக் கொண்டது அவர்களுடைய தவக்குலைக் குறைத்து விடவில்லை. அல்லாஹ்வைச் சாட்சியாக்கும் பேச்சு இரு தரப்பாருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் அல்லவா?

தோல் தொழில் தாழ்ந்ததா?

நம் பிள்ளைகளில் சிலர் தோல்ஷாப் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். வாடையும் ஈரமும் சுண்ணாம்பும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. வேறு வேலைக்குப் போவது அவர்கள் உரிமை; அதில் குற்றமில்லை. ஆனால் தொழிலை இழிவாக நினைப்பது மட்டும் கூடாது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஓர் ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்றபோது, அதை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வருகிறது. நம் அன்னையரில் ஒருவரான ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, அதில் வந்த பொருளைத் தர்மம் செய்தவர்கள். ஒருவர் தம் கை உழைப்பால் உண்பதைவிடச் சிறந்த உணவை உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பாலேயே உண்டார்கள் என்றும் நபிமொழி உண்டு. எல்லா நபிமார்களும் ஆடு மேய்த்தவர்களே என்று கூறிய அண்ணலார், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததைச் சொல்லத் தயங்கவில்லை.

நம் பகுதியின் வரலாறும் இதற்குச் சான்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம் முன்னோர் தோல் பதனிட்டார்கள். ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் 1924ஆம் ஆண்டு ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபிக் கல்லூரியை நிறுவிய காக்கா முஹம்மது உமர் சாஹிப் ஒரு தோல் வணிகர். மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி தாங்கி நிற்கும் பெயருக்குரிய சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்களும் தோல் வணிகரே. இன்று நம் பிள்ளைகள் நாலு கேள்வி கேட்கும் அளவுக்குப் படித்திருக்கிறார்கள் என்றால், அந்தப் படிப்பில் தோலின் வருவாய்க்கும் பங்குண்டு.

1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோல்களை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. அதன் பின் முழுமையான தோலும், ஷூவும், ஷூவின் மேற்பாகமான அப்பரும் இங்கேயே தயாராகத் தொடங்கின. டேனரிகளோடு ஷூ கம்பெனிகளும் பெருகின. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பினிஷிங் என்று புதிய வேலைகள் பிறந்தன. பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். தகப்பன் அறிந்த வேலையும் மகன் காணும் வேலையும் ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு காரணம். தகப்பன் வேலை பார்த்த இடத்தில் மேஸ்திரியும் முதலாளியும் தெரிந்தவர்கள். முதலாளி அதே பள்ளியில் அதே ஸஃப்பில் தொழுதவர். மகன் போகும் கம்பெனியில் அவன் ஓர் எண். ஆகவே தகப்பனுக்குத் தேவைப்படாத கேள்விகள் மகனுக்குத் தேவைப்படுகின்றன.

பிள்ளைகள் கேட்பதும் மார்க்கம் சொல்வதும்

1. சம்பளம் எவ்வளவு, எப்போது?

மத்யன் பெரியவர் கூலியையும் காலத்தையும் தாமே முதலில் சொல்லிவிட்டார், கேட்கும்படி வைக்கவில்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழியை அறியாதார் இல்லை; இப்னு மாஜாவில் வருகிறது. மறுமையில் மூவருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுவதாகப் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. அம்மூவரில் ஒருவன், ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக் கொண்டு கூலி கொடாதவன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படி திருமறை (2:282) கட்டளையிடுகிறது. ஒருவருடைய உழைப்பு மாதம் முழுவதும் நம்மிடம் கடனாகத்தானே நிற்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் தொழிலாளர்களுக்கு நியமனக் கடிதம் தரும்படி சொல்கின்றன. ஆகவே, "என் சம்பளத்தை எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்கும் பிள்ளை துடுக்குக்காரன் அல்லன்.

2. எவ்வளவு நேரம், எவ்வளவு சுமை?

உமக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்ற வாக்கு ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே இடம்பெற்றது. சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்பையும், அதற்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்னும் விதியையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்தது. ஏற்றுமதிக்குக் கப்பல் நாள் நெருங்கும்போது ஓவர்டைம் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது தொழிலாளியின் சம்மதமும் அவருக்குரிய ஊதியமும் இருக்க வேண்டும். மூஸா (அலை) அவர்களுக்கும் எட்டுக்கு மேலான இரண்டு ஆண்டுகள் விருப்பத்துக்கு விடப்பட்டன, கட்டாயமாக்கப்படவில்லை.

3. மரியாதை உண்டா?

இளைஞர்கள் சம்பளக் குறைவைப் பொறுத்துக் கொள்வதுண்டு, ஏச்சைப் பொறுப்பதில்லை. இதைப் பெரியவர்கள் ரோஷம் என்பார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது? அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்களிடம் பணி செய்வோர் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்ற புகழ்பெற்ற உபதேசம் அந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டதே. அந்த இளைஞரின் தாயை ஏசிய சூப்பர்வைசர் எவராயினும், இந்த ஹதீஸ் அவருக்குமானது.

அனஸ் (ரலி) அவர்கள் ஏறத்தாழப் பத்து வயதில் நபிகளாரிடம் பணிக்கு வந்து சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகள் பணி செய்தார்கள். அத்தனை காலத்தில் ஒருநாளும் தம்மைச் 'சீ' என்று சொன்னதில்லை என்றும், ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்றும் அவர்களே அறிவிக்கிறார்கள். சிறு வயதில் முதல் வேலைக்கு வரும் பிள்ளை தவறு செய்யாமல் இருக்குமா? தவறைத் திருத்துவது ஒன்று, ஆளை அவமதிப்பது வேறொன்று.

4. உயிருக்குப் பாதுகாப்பு உண்டா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களையும் எங்கோ ஒரு வீட்டில் தாய் வழியனுப்பி வைத்திருப்பாள்.

மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு, அமிலத்தோடு சேரும்போது நச்சு வாயுவாக மாறுகிறது. கழிவு தேங்கிய தொட்டியிலும் அதே வாயு உண்டாகும். அது மூச்சில் ஏறினால் உள்ளே இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார்; தூக்கப் போனவரும் விழுவார். ஆகவே உரிய கருவியும் கண்காணிப்பும் இன்றித் தொட்டியில் இறங்கச் சொன்னால், மகனே, மறுத்துவிடு. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்பது இறைக்கட்டளை (2:195). எந்தச் சம்பளமும் இதற்கு ஈடாகாது.

நோய் வந்தால் பார்க்க ஈ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2019 ஜூலை முதல் இதற்குத் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவிகிதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவிகிதம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது அமானித மோசடி.

5. தொழுகைக்கு நேரமுண்டா?

ஜுமுஆவின் பாங்கு கேட்டால் வியாபாரத்தை விட்டுவிடுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் திருமறை (62:9, 10) ஏவுகிறது. தொழுகையும் தேட்டமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போகும் பிள்ளை, சேருவதற்கு முன்பே இதைப் பேசிக் கொள்ளட்டும். லுஹருக்குப் பத்து நிமிடம் எடுத்தால், அந்தப் பத்து நிமிட வேலையை மனமுவந்து ஈடு செய்யட்டும். தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேநீர்க்கடையில் அரைமணி நேரம் நிற்பவர், பிற்பாடு வரும் தொழுகையாளிகளின் வாசலையும் அடைத்து விடுகிறார்.

6. கற்றுக் கொள்ள வழியுண்டா?

எகிப்தின் அரசு மாளிகையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்களுக்கு மத்யனின் ஆட்டு மந்தை பயிற்சிக்கூடமாயிற்று. ஒரு சமூகத்தையே வழிநடத்தும் பொறுப்பு அதன் பிறகுதான் வந்தது. எனவே, ஆரம்பச் சம்பளம் சற்றுக் குறைவானாலும் கைத்திறன் வளரும் வேலையைத் தேர்ந்தெடுப்பது அறிவீனமன்று. தோல் துறையிலேயே மேற்படிப்புகள் உண்டு. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் நிறுவப்பட்டது. கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்துக்கெனப் பட்டப்படிப்பு இருக்கிறது. தோலைத் தொடுவதா என்று தயங்கும் பிள்ளைகளிடம் இந்தப் படிப்புகளைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசியிருக்கிறோம்?

பெண் பிள்ளைகள் விஷயம்

மத்யனின் தண்ணீர்த் துறையில் நின்ற இரு பெண்களும் வேலைக்காகவே வெளியே வந்தவர்கள். தகப்பனாரின் முதுமை அவர்களை வெளியே வரச் செய்தது. திருமறை அவர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் நெருக்கடியில் முண்டியடிக்காமல் ஒதுங்கி நின்றதையும், நாணத்தோடு நடந்ததையும் சொல்லி உயர்த்துகிறது. அதே பெண் அறிவோடு யோசனை சொன்னபோது தகப்பனார் அதை ஏற்றுக் கொண்டார்.

ஆம்பூர்ப் பக்கம் விடியற்காலையில் கம்பெனி வண்டிகளுக்குக் காத்து நிற்கும் பெண்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் இதே நிலைதான்: தகப்பன் இல்லை, அல்லது இயலாதவர், அல்லது கணவன் கைவிட்டவர். அவர்கள் வேலையில் கேட்பவை போக்குவரத்து, கண்ணியமான சூழல், தனிக் கழிப்பறை, மகப்பேற்று விடுப்பு ஆகியவை. இவை சலுகைகள் அல்ல. ஊரார் செய்ய வேண்டியது மூஸா (அலை) அவர்கள் செய்த காரியம்: புறம் பேசாமல் வழியை எளிதாக்கிக் கொடுப்பது.

வீட்டிலிருந்தே அப்பர் தைத்துக் கொடுக்கும் சகோதரிகளும் உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இவர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, வேலைக்கு உறுதியுமில்லை. அவர்கள் கண் முன்னால் இல்லாததால் அவர்களுடைய கூலி மறந்து போகக் கூடாது.

பிள்ளைகள் கொடுக்க வேண்டியது

மகனே! இதுவரை சொன்னது உன் உரிமை. இனி உன் கடமை. அந்தப் பெண் சொன்ன தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பிக்கை. வலிமை என்றால் எடுத்த வேலையைச் செய்யும் திறன். தையல் இயந்திரத்தில் உட்காருபவனுக்கு நேர்த்தியான தையல் வலிமை; கணக்கு எழுதுபவனுக்குப் பிழையற்ற கணக்கு வலிமை. நம்பிக்கை என்றால் யாரும் பார்க்காதபோதும் அதே வேலை. யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோதும், தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்று இவ்விரண்டையே சொன்னார்கள் (12:55). இல்லாத அனுபவத்தைச் சான்றிதழில் எழுதிக் கொண்டு போகவில்லை.

எட்டா, பத்தா என்ற இரு தவணைகளில் மூஸா (அலை) அவர்கள் எதை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. கூடுதலானதையே நிறைவேற்றினார்கள் என்று விடை வந்தது. பேசும்போது வரம்பைத் தெளிவாக்கிக் கொண்டவர், செய்யும்போது வரம்புக்கு மேலும் செய்தார். இந்த இரண்டில் முதலாவதை மட்டும் எடுத்துக் கொண்டு இரண்டாவதை விட்டுவிடாதே. நின்றுவிடுவதாயினும் முறையாகச் சொல்லிவிட்டு நில். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றிய எச்சரிக்கை (83:1-3), முழுச் சம்பளம் வாங்கிக் கொண்டு அரை வேலை செய்வோரையும் தொடும் என்று அஞ்சிக் கொள்.

நாம் கேட்க மறக்கும் கேள்வி

ஒரு வேலையைப் பற்றி இத்தனை கேட்டும், ஒன்றை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் சம்பளத்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தீங்கு வருகிறதா?

பாலாற்றின் கரையில் வாழும் நமக்கு இது புத்தகக் கேள்வியன்று. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றும் முடிவு செய்யப்பட்டது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டுப்பாடுகளும் வந்தன. 2025 ஜனவரியிலும் இழப்பீடு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் பதனிடுவது ஆகுமானது. அதில் நற்கூலியும் உண்டு. ஆனால் தனக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் கூடாது என்ற நபிமொழி எல்லாத் தொழிலுக்கும் எல்லை போடுகிறது. கழிவை இரவில் திறந்துவிடச் சொல்லும் வேலை எனக்கு வேண்டாம் என்று ஓர் இளைஞன் சொன்னால், அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று ஏசாதீர்கள். ஊரின் கிணற்றைக் காப்பவன் அவன்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் சிரமமும் தெரியாததன்று. 2020இல் கொரோனா ஊரடங்கில் ஆர்டர்கள் நின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவிகிதம் வரை வரி விதித்தபோது ஷூ ஏற்றுமதி கலங்கியது. அப்படிப்பட்ட காலங்களில் நிலைமையை உள்ளபடி தொழிலாளியிடம் சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் பொறுத்துக் கொள்வார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நம் ஊர்களில் ரமலானில் ஜகாத்தும் ஸதக்காவும் தாராளமாக நடக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். சிலரிடம், கூலியில் குறைத்ததைத் தர்மத்தில் சரிக்கட்டி விடலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. ஹஜ்ஜின்போது குர்பானி ஒட்டகங்களின் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) ஒப்படைத்தார்கள். இறைச்சியையும் தோலையும் தர்மம் செய்யுமாறு சொன்னவர்கள், அறுப்பவருக்குக் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அவருக்கு நாம் நம்மிடமிருந்து கொடுப்போம் என்றார்கள். தோல் வியாபாரிகளான நாம் இந்த மஸ்அலாவை பக்ரீத் தோறும் கேட்கிறோம். கூலி வேறு, தர்மம் வேறு என்பது இதிலிருந்து விளங்குகிறது. கூலி தொழிலாளியின் சொத்து. அதைக் கொடுத்த பிறகே உங்கள் தர்மம் தொடங்குகிறது.

குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு வேலையாள் தன் கூலியை வாங்காமல் போய்விட்டான். முதலாளி அதைத் தொழிலில் இட்டுப் பெருக்கினார். பல ஆண்டுகளுக்குப் பின் அவன் வந்து கேட்டபோது, பெருகிய மந்தை முழுவதையும் ஓட்டிச் செல்லச் சொன்னார். அந்த ஒரு செயலை முன்வைத்து அவர் துஆச் செய்தபோது பாறை நகர்ந்தது. உங்களிடம் வேலை செய்பவர் முஸ்லிமானாலும் பிற சமயத்தவரானாலும், அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீட்டுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை.

அந்த இளைஞருக்குச் சொன்னது

"தம்பி, நீ சம்பளம் கேட்டது தவக்குலுக்கு மாற்றமன்று. ஏச்சுக் கேட்ட இடத்தை விட்டு வந்ததும் பாவமன்று. ஆனால் அத்தாவிடம் போ. அவர் காலத்தில் கேள்வி கேட்க வழியில்லாமல் உழைத்தார். அந்த உழைப்பில் நீ படித்தாய். முதலில் அதற்கு நன்றி சொல். பிறகு அவரோடு அமர்ந்து இந்த ஏழு வசனங்களையும் ஓதிப் பொருள் படி. அடுத்த வேலைக்குப் போகுமுன் இரண்டு ரக்அத் தொழு, மூஸா நபியின் துஆவைக் கேள். பிறகு தெளிவாகப் பேசு. பேசியதற்கு மேலாகவே வேலை செய்."

சில நாட்கள் கழித்துத் தகப்பனும் மகனும் ஒரே ஸஃப்பில் நின்று தொழக் கண்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் கலந்து பேச

1. மத்யன் ஒப்பந்தத்தில் பெரியவர் தாமாகவே சொன்னவை எவை? மூஸா (அலை) அவர்கள் கேட்டு உறுதி செய்து கொண்டது எது?

2. வலிமை, நம்பிக்கை ஆகிய இரண்டும் உங்கள் பிள்ளை செய்யும் வேலையில் எப்படி வெளிப்படும்?

3. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு, கடையில் இருக்கும் பையனுக்கு, வீட்டுக் கொத்தனாருக்குக் கூலியை முன்கூட்டியே பேசி, உரிய நாளில் கொடுக்கிறோமா?

4. மகளின் யோசனையைத் தகப்பனார் ஏற்றதில் நம் குடும்பத்துக்குள்ள படிப்பினை என்ன?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான, பரக்கத் பொருந்திய வேலைகளைத் தருவானாக! உழைப்பவரின் உரிமையைக் கொடுக்கவும், வாங்கிய கூலிக்கு உண்மையாக உழைக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.